செத்துப்போன ஆற்றுக்கு ஒப்பாரி

முன்னொரு காலத்தில், மழையைப் பேச்சில் மட்டுமே கேட்டிருந்த வெண்பாலை நாட்டை வெயிலுகந்தான் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். மகள் கல்யாணத்துக்கு அவனுக்குத் தோன்றியது, ஊர் மொத்தமும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது. அவ்வளவு பெரிய சமதரை அந்த நாட்டில் ஒன்றுதான் உண்டு. கோட்டைக்குக் கீழே கிடந்த செம்மணலாற்றின் வறண்ட படுகை!

இதைச் சபையில் கேட்டதும் மந்திரி இருளப்பர் ராஜாவின் முன்னால் போய் நின்றார். பல வருஷத்துக்கு முன் அவர் மனைவியும் மகளும் அந்தப் படுகையில்தான் வெள்ளத்தோடு போனார்கள். அன்றைக்கும் தலைக்கு மேலே ஒரு மேகம் கிடையாது.

"பிரபு, மழை இங்கே பெய்ய வேண்டியதில்லை. வடக்கு மலையில் பெய்தால் போதும். அது மொட்டைப் பாறை, ஒரு சொட்டுகூட உள்ளே இழுக்காது. அத்தனை தண்ணீரும் இந்த ஒரே வழியாகத்தான் இறங்கும். படுகையில் நிற்கும் வேலமரங்களைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கு மேலே கிளையில் சருகு சிக்கியிருக்கிறது. யார் ஏறி வைத்தார்கள்? மலைப்பக்கம் இப்போதும் மின்னுகிறது."

ஆஸ்தான சோதிடர் நஞ்சுண்டருக்கு மந்திரி நாற்காலி மேல் வெகுநாளாக ஒரு கண். தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாவம், துக்கத்தில் மந்திரிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அந்த ஆறு செத்துப் பல வருஷமாகிறது பிரபு! செத்தது எழுந்து வருமா?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். இருளப்பருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வீட்டுக்குப் போனார்.

மறுநாள் முகூர்த்தம். காலையிலேயே பந்தலில் கூட்டம் நெரிந்தது. அண்டாக்களில் சோறு கொதித்தது. நாகசுரம் ஆரம்பித்த நேரத்தில், தலைவிரி கோலமாக ஒப்பாரிப் பெண்கள் உள்ளே நுழைந்தார்கள். மார்பில் அடித்துக்கொண்டு முன்னால் வந்தவர் சாட்சாத் மந்திரிதான்.

"என்ன அபசகுனம் இது! யாருக்கய்யா இழவு?" என்று ராஜா கத்தினான்.

"தங்கள் தாயாருக்கு, பிரபு."

"அவர் போய் எத்தனையோ காலமாயிற்றே!"

"பெற்ற தாயைச் சொல்லவில்லை. பட்டம் கட்டிய அன்று இந்த ஆற்று மண்ணை நெற்றியில் இட்டு, 'நீயே என் தாய்' என்று சொன்னீர்களே, நம் வழக்கப்படி! அந்தத் தாய் செத்துவிட்டாள் என்று நேற்று சோதிடர் சபையில் அறிவித்தார். தாங்களும் தலையாட்டினீர்கள். இறந்து பல வருஷம் என்பதால் தீட்டு கழிந்திருக்கும். ஆனால் உடம்பை இன்னும் எடுக்கவில்லையே! பிணத்தின் மேல் பந்தல் போட்டா இளவரசிக்குத் தாலி கட்டுவது?"

ராஜாவுக்கு முகம் வெளிறியது. "ஓய் நஞ்சுண்டரே! ஆறு செத்ததா, இல்லையா?"

சோதிடர் இழுத்தார். "அது வந்து... சாகவில்லை என்றும் சொல்லலாம்..."

"உயிரோடு இருக்கிறாள் என்றால் எந்த நிமிஷமும் எழுந்து வருவாள்" என்றார் இருளப்பர்.

"போதும்! எல்லாரும் மேட்டுக்கு நடங்கள். கோட்டை வாசலில் கல்யாணம்!"

பிணம் என்ற பேச்சைக் கேட்ட ஜனங்கள் அலறியடித்துக் கரையேறினார்கள். இருளப்பருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் தலைமைச் சமையல்காரர் மாடக்கண்ணு மட்டும் எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"போகாதே மாடக்கண்ணு! வெள்ளம் வரும்!"

மாடக்கண்ணு சிரித்தார். "இப்பத்தான் இழவுன்னீங்க, அதுக்குள்ள வெள்ளமா சாமி? தீட்டு மனுசருக்குத்தான், சோத்துக்கு என்ன? ஊரே பசியா நிக்குது. ஒரு அண்டாவையாவது தூக்கியாந்துர்றேன்."

அவர் அண்டாவில் கைவைத்த நேரம் வடக்கே தரை உறுமியது. வளைவைத் தாண்டி, செம்மண்ணும் மரமும் பாறையுமாக ஒரு சுவர் புரண்டு வந்தது. மேலே வானம் பளிச்சென்று இருந்தது. பந்தல் இருந்த இடத்தில் அடுத்த நிமிஷம் பந்தல் இல்லை, மாடக்கண்ணுவும் இல்லை.

ராஜா நஞ்சுண்டரைத் திரும்பிப் பார்த்தான். "வானம் பார்க்கத்தானே உமக்குச் சம்பளம்? வடக்கு மலை உச்சிக்குப் போய் உட்கார்ந்து பாரும். இனி உமக்கு அதுதான் ஆஸ்தானம்." கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான். "உம்மைப்போலக் கெட்டிக்காரர் உண்டா! இன்னும் என்ன வேண்டும், கேளும்."

"வெள்ளம் என்று உண்மையைச் சொன்னேன், சிரித்தீர்கள். பிணம் என்று புளுகினேன், எழுந்து வந்தீர்கள்" என்றார் இருளப்பர். "மலையில் மழை கண்டால் காவலர்கள் புகை போடட்டும். ஓடைகளுக்குக் குறுக்கே கல் அடுக்கச் சொல்லுங்கள், தண்ணீரின் வேகம் குறையும். புகை தெரிந்தால் ராஜாவானாலும் எழுந்து ஓட வேண்டும் என்று சட்டம் போடுங்கள். உயிர் பிழைக்க இனி யாருடைய கெட்டிக்காரத்தனமும் தேவைப்படக் கூடாது."

அப்படியே ஆகட்டும் என்றான் ராஜா. இருளப்பர் மாலையை எடுத்துக்கொண்டு மாடக்கண்ணுவின் மனைவியிடம் போனார். அவள் கையில் வைத்தார். அவள் அதைப் பார்க்கவேயில்லை.

"தண்ணி வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சாமி?"

"தெரியும் தாயி."

"பின்ன ஏன் எங்ககிட்ட இழவுன்னீங்க?" அவள் மாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.