சொரிமுத்து அண்ணாச்சியின் நிக்காத துப்பாக்கி

ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ரைபிள் கிளப்பின் .22 துப்பாக்கி, சுட்டதும் தோட்டாவின் காலிக் கூட்டைத் தானே துப்பிவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ள வேண்டியது. இது துப்பவே மாட்டேன் என்றது. ரெண்டு சுட்டால் ஒன்று சிக்கியது. பதினோரு மணிக்குள் அஞ்சு தோட்டாவையும் சிக்காமல் சுட்டுக் காட்டாவிட்டால் மாவட்ட அணியில் அவள் பேர் கிடையாது. ரேஞ்ச் பொறுப்பாளர் பீர்முகமது சொல்லிவிட்டார். மணி பத்தே முக்கால்.

ரிப்பேர் பார்க்க வேண்டிய சொரிமுத்து அண்ணாச்சியோ துப்பாக்கியை மடியில் போட்டுக்கொண்டு வாயைத் திறந்துவிட்டார்.

"எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சு பாத்துக்க. நாப்பது வருசம், ஒரு தடவை சிக்கல. அது துப்புன கூடு வல்லநாட்டு மலையில போயி விழும். மானெல்லாம் ஹெல்மெட் போட்டுதான் மேயும்."

"அண்ணாச்சி, அந்தக் கொக்கியப் பாருங்க. கூட்டைப் பிடிச்சு இழுக்கவே மாட்டேங்குது."

"பாக்கேன், பாக்கேன். அதுல ஸ்பிரிங் எப்படிங்கே! தோட்டா குழலை விட்டுக் கிளம்புறதுக்குள்ள காலிக் கூடு முந்திக்கிட்டுப் போயி டார்கெட்டுல நிக்கும்."

"யாருகிட்ட வே கதை விடுதீரு?" என்றார் பீர்முகமது.

"உமக்கு என்ன தெரியும்? ஒருநா தோட்டா தீந்த பிறகும் நிக்காம சுட்டுது! மறுநா கடையில புது டப்பா வாங்கிப் பிரிச்சா, அம்பதும் காலிக் கூடு. அதையெல்லாம் நேத்தே சுட்டுட்டு!"

மணி பத்து ஐம்பது.

"குழல் தேயலையா?" பீர்முகமது விடவில்லை.

"தேயாம? தேஞ்சு தேஞ்சு உள்ள பூனை குட்டி போட்டுட்டு. தெரியாம விசைய அமுக்கிட்டேன். ஆறு குட்டி, ஆறும் டார்கெட்டுல நடுப்புள்ளி. ஒண்ணுக்குக்கூட மீசை கலையல!"

ஜெசிந்தா துப்பாக்கியைப் பிடுங்கினாள். மேகசினைக் கழற்றினாள், உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, கொக்கி மாட்டியிருந்த போல்ட்டை உருவினாள். கொக்கிக்கு அடியில் மஞ்சளாக ஏதோ கல் மாதிரி காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள்.

"இது என்ன அண்ணாச்சி, சந்தனமா?"

"ஆயுத பூசைக்கு வச்சது. எல்லாவனும் வெளியத்தான் வைப்பான். நான் பாசத்துல உள்ளயும் வச்சேன்."

பீர்முகமது தலையில் அடித்துக்கொண்டார். அவள் அவரையும் பார்க்கவில்லை. பல் தேய்க்கிற பிரஷும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்து கரகரவென்று தேய்த்தாள். துடைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினாள். பத்து ஐம்பத்தெட்டுக்குச் சுடுகிற இடத்தில் போய்க் குப்புறப் படுத்தாள்.

அஞ்சு சுட்டாள். அஞ்சு கூடும் டக் டக்கென்று வெளியே விழுந்தன. பீர்முகமது பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே டிக் போட்டார்.

"பாத்தியா பிள்ள?" அண்ணாச்சி மீசையைத் தடவினார். "என் துப்பாக்கி கதையக் கேட்டதும் இதுக்கு ரோசம் வந்துட்டு."

ஜெசிந்தா காதடைப்பைக் கழற்றினாள்.

"அடுத்த வருசம் அந்தச் சந்தனத்தை உங்க வாயில அப்புங்க அண்ணாச்சி. நிக்காம சுடுறது அந்த வாய் ஒண்ணுதான்."