எதிர்காத்துல கடைசி சைக்கிள்

"யாரு கூப்பிட்டது? ஒருத்தர் கூப்பிட்டிருந்தாக்கூட திரும்பி வந்திருப்பேன்ல! இல்ல ரூபன், கத்துனேன்னு இப்ப சொல்ற. எனக்குக் கேக்கல. கேக்காததுக்கு நான் எப்படிடா பொறுப்பு? எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டு!"

அங்கயற்கண்ணி சட்டக் கல்லூரியில கடைசி வருசம். வாயத் தொறந்தா கோர்ட்டுதான்.

நடந்தது இதுதான். வைகை அணையிலருந்து லோயர் கேம்ப் வரைக்கும் நாலு நாள் சைக்கிள் பயணம். எட்டுப் பேரு. ஒரு பக்கம் முல்லைப் பெரியாறு, ஒரு பக்கம் திராட்சைப் பந்தல். ஆடி மாசம். காத்து மூஞ்சியிலயே அறையுது.

மூணு நாளும் முன்னாடி மிதிச்சது அங்கயற்கண்ணிதான். வேற யாரையும் முன்ன விடல. மருந்துப் பையும் அவ சைக்கிள்லதான்.

மூணாம் நாளு, சின்னமனூர் தாண்டி, மணல்ல சறுக்கித் தவமணி சார் விழுந்தாரு. வயசு அம்பத்தஞ்சு. முழங்கை கிழிஞ்சு ரத்தமா கொட்டுது. எல்லாரும் நின்னாங்க.

இவ நிக்கல. ஆறு கிலோமீட்டர் போயிட்டா. பையும் போச்சு. போனெல்லாம் சாமான் வேன்ல. வேனு எப்பவோ உத்தமபாளையம் போய்ச் சேந்துருச்சு.

அன்னைக்குச் சாயங்காலம், அங்க ஒரு திராட்சைத் தோட்டத்துல கூடி உக்காந்தாங்க. காலையில இவள மதுரை பஸ்ல ஏத்தி விட்டுரணும்னு அஞ்சு பேரு கை தூக்கியாச்சு.

தவமணி சார் தூக்கல. கையில கட்டுன்னு நெனச்சுக்கிட்டா அவ.

மிச்சம் ஜெனோவா. இவளக் கூட்டிட்டு வந்தவ, இவளுக்குச் சைக்கிள் சொல்லிக் குடுத்தவ. இவளவிட மூணு வயசுதான் மூத்தவ. ஒரு கொத்துப் பன்னீர் திராட்சைய மடியில வச்சு, கொட்டையத் துப்பித் துப்பித் தின்னுக்கிட்டிருந்தா.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. என் மேல தப்பா?"

ஜெனோவா கொட்டையத் துப்புனா.

"சொல்லுங்கக்கா! பஸ்ஸுல ஏறணுமா, வேணாமா?"

"பைய ரூபன்கிட்ட குடு. நாளைக்கு நீ கடைசி."

"தண்டனையாக்கா?"

"இல்ல. இடம்."

"தப்பா தப்பில்லையான்னு கேட்டா இடங்குறீங்க. இது ஒரு பதிலா?"

ஜெனோவா அடுத்த பழத்த வாயில போட்டா.

மறுநாள் காலையில ரூபன் முன்னாடி. அங்கயற்கண்ணி கடைசி. அவளுக்கு முன்னால ஏழு சைக்கிள், ஒண்ணு பின்னால ஒண்ணா. கம்பம் தாண்டுனதும் காத்து இன்னும் வலுத்துச்சு.

முன்னாடிருந்து ரூபன் சிரிக்கிறது கேட்டுச்சு. பக்கத்துல நின்னு சிரிக்கிற மாதிரி.

"வக்கீலம்மா வருதாடா பின்னாடி?"

"வரும் வரும். கால் ஓஞ்சாலும் வாய வச்சு மிதிச்சு வரும்."

"டேய் ரூபன்!" அவ கத்துனா. "இங்க கேக்குதுடா எனக்கு!"

ஒரு தலையும் திரும்பல.

இன்னும் பலமாக் கத்துனா. ஜெனோவா அவளுக்கு ரெண்டு சைக்கிள் முன்னாடிதான். அவளும் திரும்பல.

கூடலூர் ஏத்தத்துல செயின் கழண்டுச்சு. ஒரு கால ஊனி நின்னா.

"நில்லுங்க! செயினு! யக்கா!"

ஏழு முதுகும் வளைவுல மறைஞ்சு போச்சு.

செயின மாட்டிக்கிட்டு, கையெல்லாம் கிரீஸோட வந்து சேந்தப்ப, ஜெனோவா ஒரு புளியமரத்தடியில நின்னுக்கிட்டிருந்தா.

"கூப்பிட்டேன்க்கா. தொண்ட கிழியக் கூப்பிட்டேன்."

"கேக்கலையே."

"அவனுங்க பேசுனது ஒரு எழுத்து விடாம எனக்குக் கேட்டுச்சு!"

"ம்."

"அதெப்படிக்கா அவனுங்களுக்கு மட்டும்..."

எதிர்காத்து அந்தப் பேச்சப் பின்னாடி தூக்கிட்டுப் போச்சு. ஜெனோவா சைக்கிள்ல ஏறிப் போயிட்டா.

அங்கயற்கண்ணி நின்ன எடத்துலயே நின்னா. முத நாளு முன்னாடி போகும்போது, அடுத்த சைக்கிள்ல வந்த தோழிகிட்ட என்ன சொன்னா? "பின்னாடி ஒரு மாவு மில்லு மூச்சு வாங்கிட்டு வருதுடி." ரெண்டாம் நாளு? "இந்த வயசுல வந்தா ஆம்புலன்ஸயும் கையோட கூட்டிட்டு வரணும்." மூணாம் நாளு சொன்னத அவளால நெனச்சுப் பாக்க முடியல.

அந்த மூணு நாளும் கடைசி சைக்கிள் தவமணி சாரோடது.

லோயர் கேம்ப்ல டீக்கடை. எல்லாரும் கையில கிளாஸோட. பஸ் பேச்ச யாரும் எடுக்கல. ரூபனே அவளுக்கும் ஒரு டீ சொன்னான். அவ வாங்கல. நேரா தவமணி சார் முன்னால போய் நின்னா.

"சார், ஒண்ணு கேக்கணும்."

அவரு சுத்தி ஒரு பார்வை பாத்தாரு. "அப்புறம் பேசிக்கலாம்மா. டீ ஆறுது பாரு."

"அப்புறம் வேணாம். எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்க. மூணு நாளா நான் முன்னாடி பேசிக்கிட்டு வந்ததெல்லாம் உங்களுக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"