ஒரு சாண் உயரம்

வீட்டில் வேலையாள் வைத்திருப்பவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று வரி கட்ட வேண்டும் என முன்பு ஒரு ராஜா உத்தரவு போட்டான். மறுநாளே அந்த ஊரில் வேலையாட்கள் காணாமல் போனார்கள். வீடு பெருக்கினார்கள், துணி துவைத்தார்கள், மாவாட்டினார்கள். ஆனால் எல்லாரும் சொந்தக்காரர்கள்.

சிதம்பரநாதர் வீட்டில் வேலை செய்தவள் செல்லக்கிளி. வரி அதிகாரி வாசலில் வந்து நின்றதும், அவள் தன் தங்கை மகள் என்று சிதம்பரநாதர் சொல்லிவிட்டார். நல்லதாய்ப் போயிற்று, மதியம் உங்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று அதிகாரியும் போய்விட்டார்.

சமையலறையில் ஒரே குழப்பம்.

"ஐயாவுக்குத் தங்கச்சியே கிடையாதே" என்றது விளக்குமாறு. "காலையில நானும் அவளும் சேர்ந்துதான் முற்றத்தைக் கூட்டினோம். இப்ப அவ மருமகப்பொண்ணு. அப்ப நான் யாரு, சித்தப்பாவா?"

கொஞ்சம் தள்ளி நின்று பேசும்படி வெள்ளித் தட்டு சொன்னது. அதற்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் புரிந்த மாதிரியே மினுக்கிக்கொண்டிருந்தது.

புழக்கடை மாடத்தில் இருந்த தகரத் தட்டுக்குத்தான் பெரிய கவலை. உடம்பெல்லாம் நெளிந்த தட்டு. செல்லக்கிளி சாப்பிடுவது அதில்தான். வீட்டுக்குள் அது ஒருநாளும் வந்ததில்லை. அவள் சொந்தக்காரியாகிவிட்டால் அது குப்பைக்குத்தான் போகும். சிரிப்பதா அழுவதா என்று அதற்குத் தெரியவில்லை. வீட்டம்மா விசாலம், அதிகாரி கண்ணில் படாமல் அதை வைக்கோலுக்குள் ஒளித்து வைக்கச் சொன்னாள். ஒளித்தவளும் செல்லக்கிளிதான்.

"அவ உள்ளே உட்கார்ந்தாச் சரி" என்றது தட்டு, வைக்கோலுக்குள் போகும்போது. "நான் கிடந்தாக் கிடக்கிறேன்."

சோற்றுக் கரண்டி அதற்குத் தைரியம் சொல்லி அனுப்பியது. பரிமாறப் போவது நானல்லவா, எல்லாரையும் ஒரே மாதிரி கவனித்துவிடுகிறேன் என்றது.

மதியம் பந்தி உட்கார்ந்தது. விசாலத்தின் பட்டுப் புடவையில் செல்லக்கிளி கூசிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் முன்னால் வெள்ளித் தட்டு. விசாலம் பரிமாறினாள். கரண்டி அதிகாரியின் தட்டைத் தொட்டுச் சோறு வைத்தது. சிதம்பரநாதர் தட்டில் சாய்ந்து இளைப்பாறியது. செல்லக்கிளியிடம் வந்ததும் விசாலத்தின் கை, தட்டுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. சோறு தொப்பென்று விழுந்தது.

விசாலம் அதைக் கவனிக்கவில்லை. சிதம்பரநாதரும் கவனிக்கவில்லை. செல்லக்கிளி எப்போதும்போல் விரல்களை இழுத்துக்கொண்டாள்.

அதிகாரி மோர்ச்சாதம் வரை நிதானமாகச் சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு, "சாப்பாடு பிரமாதம். நாளைக்கே ஒரு ஆளுக்கு வரி கட்டிடுங்க" என்றார்.

யார் காட்டிக்கொடுத்தது என்று சமையலறைச் சாமான்களுக்குள் ஒரே சண்டை. எல்லாம் சேர்ந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டன. நான் கீழே போகத்தான் பார்த்தேன், கைதான் நின்றுவிட்டது என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது. யாரும் நம்பவில்லை. கடைசியில் அதற்கே சந்தேகம் வந்துவிட்டது.

சாயங்காலம் செல்லக்கிளி தன் பழைய சேலையில் புழக்கடையில் உட்கார்ந்து பாத்திரம் துலக்கினாள். வைக்கோலிலிருந்து எடுத்த தகரத் தட்டும், புளி போட்டுக் கழுவச் சொல்லி வந்த வெள்ளித் தட்டும் முதல்முறையாகப் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

"சோறு விழுந்த வேகத்துல என் இடுப்பே போச்சு" என்று முனகியது வெள்ளித் தட்டு. "உனக்குத் தினமும் இப்படித்தானா?"

"பின்னே? நான் என்ன, நெளிஞ்சேவா பொறந்தேன்?"