தனி அறைக்கு ஒரு வாக்கியம்

கடலோர ஊர் ஒன்றின் அரபி மதரஸாவில் ஜரூக், நூஹு என்று இரண்டு மாணவர்கள். அறை ஒன்று. பாய் இரண்டு. குறட்டை ஒன்று என்பது ஜரூக்கின் கணக்கு.

ஒருநாள் காலை ஜரூக், பாடம் நடத்தும் ஆலிம்சா முன்னால் போய் நின்றான். கண் இரண்டும் கோவைப்பழம்.

“நூஹு குறட்டை தாங்கலே ஆலிம்சா. கொர்ர்ர்... புஸ். கொர்ர்ர்... புஸ். லாரி மேட்டுல ஏறுற மாதிரி. மாடியில காலியாக் கிடக்கிற அறையை எனக்குத் தாங்க.”

ஆலிம்சா அந்த அறைச் சாவியை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டார்.

“நேத்து என்ன சொல் படிச்சோம்?”

“முஷ்தரக். பலருக்கும் பொதுவானது.”

“அதை வச்சு ஒரு வாக்கியம் சொல்லு. பொய்யில்லாம இருக்கணும். சாவி உனக்கு.”

ஜரூக்குக்கு அல்வா கிடைத்த மாதிரி இருந்தது.

“எங்க அறை எனக்கும் நூஹுக்கும் முஷ்தரக்.”

ஆலிம்சா எழுந்து போய்ப் பார்த்தார். அறைக்கு நடுவே கொடி. கொடி நிறைய ஜரூக்கின் கைலிகள், மதில் மாதிரி. ஜன்னல் இரண்டும் அவன் பக்கம்.

“அடுத்தது.”

“டேபிள் ஃபேன் முஷ்தரக்.”

ஆலிம்சா நூஹுவின் பாயில் உட்கார்ந்தார். ஃபேன் ஓடியது. தாடியில் ஒரு முடிகூட அசையவில்லை.

“அடுத்தது.”

“சாப்பாட்டுச் சஹன்! ஒரே தட்டுல கூடித்தானே சாப்பிடுறோம்? இதுல என்ன பிழை சொல்வீங்க?”

“பகலுக்கு நானும் அதுலயே உக்காருறேன்.”

பகலில் பெரிய சஹனைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். சோறு விழுந்த உடனே ஜரூக் தன் பங்கைச் சுற்றி வரப்புக் கட்டினான். அது அவன் வழக்கம். சமையல்கார மொகுதூம் காக்கா வந்தார். வாளியில் மிச்சமிருந்த ஆணம் முழுவதையும் நூஹு பக்கம் ஊற்றிவிட்டுப் போய்விட்டார். குழம்பு வரப்பு வரைக்கும் வந்து நின்றது. ஜரூக் பக்கம் உப்பளம்.

அவன் வெறுஞ்சோற்றை மென்றான். கேட்க ரோஷம்.

நூஹு ஒற்றை விரலால் வரப்பை வெட்டிவிட்டான். ஆணம் பாய்ந்தது.

“சாப்பிடு. தொண்டையில சிக்கிக்கப் போகுது.”

“இந்த வாக்கியம் பாதி சரி,” என்றார் ஆலிம்சா. “நூஹு, நீ ஒண்ணு சொல்லேன்.”

நூஹு விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தான்.

“குறட்டை எனக்கும் ஜரூக்குக்கும் முஷ்தரக்.”

“அல்லாவே! பொய் ஆலிம்சா! நான் குறட்டையே விடுறதில்ல!”

நூஹு கண்ணை மூடினான். வாயை லேசாகத் திறந்தான். “ஙொய்ங்ங்... பப்பப். ஙொய்ங்ங்... பப்பப்.” பிறகு கொஞ்சும் குரலில், “உம்மா, எனக்கு மீன் தலை வேணாம்மா...”

பக்கத்துச் சஹன்காரர்கள் சோறு தெறிக்கச் சிரித்தார்கள். அந்தக் குரல் யாருடையது என்று ஜரூக்குக்கே தெரிந்துவிட்டது. அவனும் சிரித்தான். புரையேறியது.

“ஏண்டா, இத்தனை நாளா ஏன் சொல்லலே?”

“எப்படிச் சொல்றது? நீதான் தூங்கிக்கிட்டு இருந்தியே.”

“இதுல பிழை இல்லை,” என்று ஆலிம்சா சாவியை நூஹுவிடம் கொடுத்தார்.

நூஹு அதை ஜரூக்கின் மடியில் போட்டான். “நீ போய் நிம்மதியாத் தூங்கு. எனக்குப் பழகிருச்சு.”

ஜரூக் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை ஆலிம்சாவின் முழங்காலருகே வைத்தான்.

“கை கழுவிட்டு வாடா. கொடியை அவுக்கணும்.”

இரண்டடி போனவன் திரும்பி வந்தான்.

“ஆலிம்சா, அறையைப் போய்ப் பாத்தீங்க. ஃபேனைப் பாத்தீங்க. குறட்டையை மட்டும் பாக்காமலே எப்படிச் சரின்னு சொன்னீங்க?”

ஆலிம்சா கடைசிக் கவளத்தை மென்று விழுங்கினார்.

“சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே என் பாய் கிடக்கு.”