அப்படி ஒரு பேனா

“எந்தப் பேனா வாங்கினா எழுத்து நல்லா வரும்?”

ஏகாம்பரம் அங்கே கேட்ட முதல் கேள்வி அதுதான்.

வேலூரில் மைப்பேனா பிரியர்கள் சிலர் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடுவார்கள். பன்னிரண்டு பேர். ஒரு நீள மேசை. நடுவில் வெள்ளைத் தாள்கள். யாருடைய பேனாவையும் யாரும் எடுத்து எழுதிப் பார்க்கலாம். அங்கே இருந்த ஒரே விதி அது.

கூட்டத்தைத் தொடங்கியவர் எஸ்தர். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வயது முப்பத்தெட்டு. அதிகம் பேசமாட்டார். ஆனால் பேனாவைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள்.

ஏகாம்பரம் புதியவர். வயது அறுபத்தொன்று. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். ஏழே மாதத்தில் இருபத்து மூன்று பேனா வாங்கியிருந்தார். எல்லாவற்றையும் ஒரு தோல் உறையில் வரிசையாகச் செருகி எடுத்து வந்திருந்தார்.

எஸ்தர் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எழுதிக் காட்டுங்க சார். பார்த்துட்டுச் சொல்றேன்.”

“இன்னைக்கு மை ஊத்திட்டு வரல.”

அவருடைய வலது கை மேசைக்கு அடியிலேயே இருந்தது.

எஸ்தர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

*

மறு மாதம் உறையில் இன்னும் இரண்டு பேனா சேர்ந்திருந்தது.

“எது சரி மேடம்? கனமானதா, லேசானதா? நிப் தடிமனா இருக்கணுமா, மெல்லிசா இருக்கணுமா?”

மறுபடியும் தாள் வந்தது.

“கண்ணாடியை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்.”

எஸ்தர் தலையசைத்தார். அவ்வளவுதான்.

*

மூன்றாம் மாதம் ஏகாம்பரத்துக்குப் பொறுமை போய்விட்டது.

“வந்த நாளா ஒரே கேள்வியைத்தான் கேக்கறேன். நீங்க பதிலே சொல்லல. புதுசா வந்தவன்னா அவ்வளவு இளக்காரமா?”



எஸ்தர் ஒரு மைப்புட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு தாளையும் வைத்தார்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்.”

ஏகாம்பரம் எழுந்தார். போய்விட வேண்டும் என்ற வேகத்தில் வலது கையால் உறையை இழுத்தார்.

அந்தக் கை மேசைக்கு மேலே வந்தது அன்றுதான். விரல்கள் நடுங்கின. மணிக்கட்டு தூக்கிப் போட்டது. புட்டியில் இடித்தது.

நீல மை மேசையில் ஓடியது. எதிரே கல்லூரி ஆசிரியர் சிவஞானம் எழுதிக்கொண்டிருந்த தாளை நனைத்தது. எஸ்தரின் புடவையில் சொட்டியது.

துணி எடுக்க ஒருவர் எழுந்தார். எஸ்தர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

ஏகாம்பரம் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பிடித்தும் அது நிற்கவில்லை.

“போன வருஷம் ஆரம்பிச்சுது. டாக்டர் ஏதோ பேர் சொன்னாரு. இனிமே கூடத்தான் செய்யும்னாரு. வீட்ல இன்னும் சொல்லல. பேத்தி நோட்டுக்கு அட்டை போட்டுட்டு வந்து, பேர் எழுதிக் குடு தாத்தான்னா. கண்ணு வலிக்குதுன்னு அனுப்பிட்டேன்.”

அவர் உறையிலிருந்த பேனாக்களைப் பார்த்தார்.

“முப்பத்திரண்டு வருஷம் மேப்புல ஊர்ப் பேர் எழுதின கை மேடம் இது. அச்சடிச்ச மாதிரி இருக்கும்பாங்க. இதைப் பிடிச்சு நிறுத்தற பேனா ஒண்ணு எங்கயாவது இருக்கும்னு நம்பினேன். அதுக்குத்தான் இத்தனை வாங்கினேன். அதுக்குத்தான் இங்க வந்தேன்.”

“அப்படி ஒரு பேனா இல்ல சார்” என்றார் எஸ்தர்.

அவர் சொன்ன முதல் பதில் அது.

ஏகாம்பரம் கண்களை மூடிக்கொண்டார்.

எஸ்தர் உறையிலிருந்து ஒரு பேனாவை உருவினார். எது என்று பார்க்கவில்லை. மூடியைக் கழற்றினார். மேசையில் தேங்கியிருந்த மையில் நிப்பைத் தோய்த்து அவரிடம் நீட்டினார்.

“காயறதுக்குள்ள எழுதுங்க.”

“என்னத்த எழுத?”

“ஏதாவது ஒரு ஊர்ப் பேர்.”

எஸ்தர் பேனாவை நீட்டியபடியே இருந்தார். பிறகு ஏகாம்பரம் வாங்கிக்கொண்டார்.

நிப் தாளைத் தொட்டது. விலகியது. மறுபடி தொட்டது. நேராகப் போக வேண்டிய கோடு கோணிக்கொண்டு போனது. ‘கீ’யின் சுழி எழுத்தை விட்டுத் தள்ளி விழுந்தது. அவர் நெற்றியில் வியர்த்தது. ஆறு எழுத்தை எழுதி முடிக்க அத்தனை நேரம் ஆயிற்று. பன்னிரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை.

எழுதி முடித்ததும் அவர் உள்ளங்கையால் தாளை மூடப் போனார்.

அதற்குள் சிவஞானம் எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தார்.

“கீழ்மின்னல்.”

ஏகாம்பரம் நிமிர்ந்தார்.

“படிக்க முடியுதா?”

“கீழ்மின்னல்னுதானே எழுதியிருக்கீங்க?”

அவர் தாளைப் பார்த்தார். தன் எழுத்தில் ஒரு ஊர்ப் பேரைப் பார்த்துப் பல மாதமாகியிருந்தது. கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. பேனா இன்னும் விரல்களுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

எஸ்தர் அந்தப் பேருக்கு வலப்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இதுக்குக் கிழக்கால எந்த ஊர் வரும் சார்?”