செவந்தி சொன்ன பயம்

பலாப்பழம் தின்றே ஒரு ராஜாவுக்குத் தொந்தி விழுந்த காலம் அது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே விழுந்தது. தொந்திவர்மன் என்றே அவருக்குப் பேர் நிலைத்துவிட்டது.

அவருடைய பலாத்தோப்பைப் பார்த்துவந்தவன் கலியன். ஆண்டுதோறும் ஆனித் திருநாளில் அவன் சபைக்குப் பலாக்களைக் கொண்டுபோய், தட்டிப் பார்த்து, பழுத்த ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். போன வருஷம் வெட்டினால் காய். அதற்கு முந்தின வருஷமும் காய். "இந்த வருஷமும் காய் என்றால் தோப்பு உனக்கில்லை" என்று சொல்லிவிட்டார் ராஜா.

பலாக்காரனுக்கு விரலும் காதும் வேண்டும். கலியனுக்கு விரல் இருந்தது, காதுதான் கொஞ்சம் மந்தம். அதை வெளியே சொல்ல வெட்கம் வேறு. மூக்கு இருக்கிறதே என்பீர்கள். ஒரே வண்டியில் ஏற்றிவந்தால் காயும்தான் பழமாக மணக்கும்!

அவனுக்கு ஒன்றரை வயதில் ஒரு மகள், செவந்தி. பானையைத் தட்டுவாள், பூசணியைத் தட்டுவாள், குனிந்தால் அப்பன் தலையையும் தட்டுவாள். தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்பாள். அவள் வாயில் வந்தது இரண்டே சொல். சில பலாவைத் தட்டி, "காய்" என்பாள். சிலதைத் தட்டி, "பயம்" என்பாள்.

கலியன் அதை நிஜப் பயம் என்றே எடுத்துக்கொண்டான். பலாக்காரன் பிள்ளைக்குப் பலாவைக் கண்டு பயமா? ஊர் என்ன பேசும்?

மந்திரவாதியிடம் போனான். அவர் இடுப்பில் தாயத்துக் கட்டினார். பூசாரியிடம் போனான். அவர் நெற்றி நிறையத் திருநீறு அப்பினார். வைத்தியரிடம் போனான். "பலாவே பிள்ளை கண்ணில் படக் கூடாது" என்றார் அவர்.

அதற்குமேல் செவந்தியைத் தோப்புப் பக்கமே விடவில்லை. மூன்று நாள் அவள் சோறு தின்னாமல் அழுதாள். தட்ட ஒன்றும் கிடைக்காமல் தன் வயிற்றையே தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கப் பார்க்கக் கலியனுக்கே நெஞ்சு வலித்தது.

திருநாள் வந்தது. அழுகிற பிள்ளையை விட்டுவர மனமில்லாமல், மனைவி அஞ்சலை இடுப்பில் தூக்கிவந்தாள். கலியன் சபையில் மூன்று பலாக்களை இறக்கித் தட்டினான். மூன்றும் அவனுக்கு ஒன்றுபோலவே கேட்டன.

செவந்தி இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். முதல் பலாவைத் தட்டினாள். "காய்." இரண்டாவதைத் தட்டினாள். "காய்." மூன்றாவதைத் தட்டிக் காதை வைத்தாள். "பயம்!"

"அபசகுனம், அதை எடுத்துப் போடு" என்றார் வழுக்கைத் தலை மந்திரி. கலியனும் அதை உருட்டி ஒதுக்கிவிட்டு முதல் பலாவில் கை வைத்தான்.

அஞ்சலை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்க. பயப்படுற புள்ள இருக்கிற பல்லெல்லாம் தெரிய இப்படிச் சிரிக்குமா?"

"பின்னே என்னவாம்?" என்றான் கலியன்.

"அவளுக்கு 'ழ' வரலைங்க. பழம்னு சொல்றா."

கலியன் திரும்பிப் பார்த்தான். மகள் அந்தப் பலாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்குப் போய்த் தாயத்துக் கட்டினோமே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மகாராசா, எனக்குக் காது மந்தம். எம்மக சொன்னதை வெட்டுங்க" என்றான்.

ராஜா வெட்டினார். உள்ளே மஞ்சள் மஞ்சளாய்ச் சுளை, சபை முழுக்க வாசனை. தோப்பு தப்பியது.

ராஜா சுளையை அமுக்கிக்கொண்டிருக்கும்போது செவந்தி தத்தித் தத்திப் போய் அவர் தொந்தியைத் தட்டினாள். "பயம்" என்றாள். எட்டிப் பார்க்கக் குனிந்த மந்திரியின் வழுக்கையைத் தட்டினாள். "காய்" என்றாள். ராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"இவளை இங்கேயே விடு. முப்பது பண்டிதர்களை வைத்து இவள் திறமையை வளர்க்கிறேன்" என்றார்.

"வேணாம் மகாராசா. அவளுக்குத் தட்ட நாலு பலாவும், கேக்க நாங்க ரெண்டு பேரும் போதும்" என்று சொல்லி, கலியன் அங்கேயே தாயத்தை அவிழ்த்தான்.

அன்று முதல் வேரில் காய்க்கும் பலாவெல்லாம் செவந்திக்கென்று ஆனது. அவள் உயரத்துக்கு அதுதானே எட்டும்! அவள் தட்டுவாள், அவன் பக்கத்தில் குந்திக் கேட்பான். நடுநடுவே அவன் தலைக்கும் ஒரு தட்டு விழும். வெகுநாள் அது "காய்" என்றே வந்தது. ஒரு நாள் காலையில் அவள் தட்டிவிட்டு, "பயம்" என்றாள். கலியன் ஊருக்கெல்லாம் சுளை கொடுத்தான்.

கேட்டவர்களே, குழந்தையின் திறமையை வளர்க்க நினைக்கிறவர்கள், அது சொல்வதை முதலில் நின்று கேட்க வேண்டும்.