மறுபடி என்ற சீட்டு

அன்று அந்த மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள்: கதையை நடத்தும் சாதிக், வைத்தியக்காரியாக ஆடும் நாச்சம்மை, மந்திரவாதியாக ஆடும் வில்சன். மேசைமேல் இருந்தவை: அவ்விருவருக்கும் உரிய ஈயப் பொம்மைகள் இரண்டு, எலும்பு வீரர்கள் மூன்று, இருபது முகப் பகடை ஒன்று, கிண்ணத்தில் மணிகள் ஒன்பது, காகிதச் சீட்டுகள் ஐந்து, ஒரு அழிப்பான், ஒரு டம்ளர் தண்ணீர். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆளுக்கொரு பொம்மையைத் தன் பாத்திரமாக வைத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. மந்திரங்களை மனப்பாடமாகச் சொல்லும் மந்திரவாதிகள் அதில் பலர் உண்டு. வில்சன் கொண்டுவந்தது ஒரு புதுப் பிரிவு. இந்தப் பிரிவு மந்திரவாதி மந்திரம் சொல்லமாட்டான், எழுதுவான். ஒரு சீட்டுக்கு ஒரு கட்டளை. கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரல்போலச் சீட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிட்டால், அவை தாமாகவே வேலை செய்யும். வாரம் முழுக்க ஆபீசில் நிரல் எழுதுகிறவன், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் அதையேதான் எழுதினான். அவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

புதுப் பிரிவின் விதிகளையும் அவனே எழுதியிருந்தான். நான்கு சீட்டுக்கு மேல் அடுக்கக் கூடாது. அடுக்கிய பின் யாரும் கை வைக்கக் கூடாது.

கயிற்றுப் பாலத்தின் நடுவில் எலும்பு வீரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், பாலத்தின் அக்கரை முனையில், வைத்தியக்காரி தனியாக நின்றாள். வில்சன் இக்கரையில் இருந்து சீட்டுகளை அடுக்கினான். முதலில் ‘பார்’. அடுத்து ‘எறி’. மூன்றாவது ‘விரைவாய்’. கையில் ‘மறுபடி’, ‘போதும்’ என்று இரண்டு சீட்டுகள் மீதி இருந்தன, இடம் ஒன்றுதான்.

“டேய் வில்சா, ‘விரைவாய்’ சீட்டை எடுத்துட்டு ‘போதும்’ சீட்டைப் போடு. மறுபடியும் வேணும், போதுமும் வேணும்,” என்றாள் நாச்சம்மை.

“போதும் என்ன வேலை செய்யும்? சும்மா அடியில உட்காந்திருக்கும். ஒரு இடம் வேஸ்ட்.”

“உன் மேனேஜர் மாதிரியே பேசுற.”

வில்சன் சிரிக்கவில்லை. நான்காவது இடத்தில் ‘மறுபடி’யை வைத்தான். ‘போதும்’ அழிப்பானுக்கு அடியில் போய்க் கிடந்தது.

மந்திரம் ஓடத் தொடங்கியது.

பார் பாலத்தைப் பார்த்தது. அசைவது தெரிந்ததும் எறி நெருப்பை எறிந்தது. விரைவாய் எல்லோரையும் விரட்டியது. ஒவ்வொரு வீச்சுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு மணி போயிற்று. கட்டளை அடிவரிசைக்கு வந்து சேர்ந்ததும், அதைத் தோளில் தூக்கி மேல்வரிசைக்குக் கொண்டுபோய் வைப்பது மறுபடியின் வேலை. மற்றவர்களுக்கு இருந்த இடத்திலேயே வேலை. அதற்கு மட்டும் ஏற்றம்.

வீட்டில் பல ஒத்திகைகளில் மடித்து மடித்து மறுபடியின் நடுவில் ஒரு கோடு விழுந்திருந்தது. அந்த இடத்தில் அது வலியோடுதான் நிமிரும்.

“பாத்தியா, ஒருத்தன் காலி!” என்றது எறி. “என் கைராசி அப்படி.”

“உன் கைராசி இல்லடா, என் முதுகு,” என்றது பகடை. “உருண்டு உருண்டு எனக்குத்தான் தலை சுத்துது. இருபது முகம் இருக்கு, ஒன்னுலயும் கண்ணு இல்ல.”

மூன்று எலும்பு வீரர்களும் விழுவதற்கு ஆறு மணிகள் செலவாயின. குறி தவறிய நெருப்பு பாலத்தின் அக்கரைக் கயிற்றில் பற்றிக்கொண்டது.

“முடிஞ்சுதுல்ல?” என்று மறுபடி கட்டளையை இறக்கி வைக்கப் பார்த்தது.

“யாரு சொன்னா முடிஞ்சுதுன்னு?” என்றது விரைவாய். “தூக்கு, தூக்கு.”

முடிந்தது என்று சொல்லும் சீட்டு அடுக்கில் இல்லை. மறுபடி தூக்கியது.

அக்கரையில் தீ வளர்ந்தது. நின்றால் எரிந்துபோவாள் என்பதால் நாச்சம்மை வைத்தியக்காரியை இக்கரை நோக்கி ஒரு கட்டம் நகர்த்தினாள்.

“அசையுது,” என்றது பார்.

“யாருன்னு பாரு அண்ணே! அது நம்ம ஆளு!” என்று அழிப்பானுக்கு அடியிலிருந்து போதும் கத்தியது.

“அசையுறதைப் பாக்கத்தான் எனக்குத் தெரியும் தம்பி. யாருன்னு பாக்க எழுதல.”

நெருப்பு பறந்தது. பகடையில் விழுந்தது மூன்று. குறி தப்பியது.

வில்சன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். “சாதிக், நிறுத்துடா. சீட்டை எடுத்துடுறேன்.”

“அடுக்குன பிறகு கை வைக்கக் கூடாது. நீ எழுதின விதிடா.”

“தெரியாம எழுதிட்டேன்.”

“ரெண்டு வருஷமா ஆடுறேன் இவளை,” என்றாள் நாச்சம்மை. “செத்தா செத்ததுதான். திரும்ப வரமாட்டா.” அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் வில்சனுக்குத் தாங்கவில்லை.

நிற்கவும் முடியாது. அவள் இன்னொரு கட்டம் நகர்த்தினாள். பார் பார்த்தது. எறி எறிந்தது. பகடையில் பதினேழு. வைத்தியக்காரியின் உயிரில் இரண்டு புள்ளிகளே மிஞ்சின. கரைக்கு இன்னும் ஒரே கட்டம். கிண்ணத்தில் ஒரே மணி.

“இன்னும் ஒன்னு இருக்கு!” என்றது எறி. “கொண்டா, கொண்டா.”

கட்டளை அடிவரிசைக்கு வந்தது. மறுபடி அதைத் தூக்கக் குனிந்தது. குனிந்தபடியே நின்றது.

“தம்பி,” என்று அழிப்பானின் பக்கம் பார்த்துக் கேட்டது. “நீ எங்களோட இருந்திருந்தா என்ன செஞ்சிருப்ப?”

போதும் கூச்சப்பட்டது. அதை இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. “பெருசா ஒன்னும் இல்ல அண்ணே. மூணு பேரும் விழுந்தாச்சான்னு எண்ணியிருப்பேன். உங்களை உக்காரச் சொல்லியிருப்பேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“என்னை யாரும் உக்காரச் சொன்னதில்ல,” என்றது மறுபடி.

“பேச்சு அப்புறம்! ஏறு!” என்றது விரைவாய்.

மேலே மின்விசிறி அதுவரை சுற்றியதுபோலத்தான் சுற்றியது. ஆட்டம் தொடங்கியதிலிருந்தே காற்று எல்லாச் சீட்டையும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஓரங்களை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அவை வேலை செய்தன.

“காத்து காலையிலேருந்து கூப்பிடுது,” என்றது மறுபடி. பிடியை விட்டது.

சீட்டு எழும்பி, ஒருமுறை புரண்டு, டம்ளர் தண்ணீரில் விழுந்தது.

“ஃபேன் காத்துல போனது செல்லுமா?” என்றான் வில்சன்.

சாதிக் விதித்தாளை இரண்டு தடவை படித்தான். “கை வைக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. காத்தைப் பத்தி ஒன்னும் இல்ல. அடுக்கு உடைஞ்சுது, மந்திரம் நின்னுது.”

நாச்சம்மை வைத்தியக்காரியைக் கரையில் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு விரலை எடுக்காமல் இருந்தாள்.

வில்சன் டம்ளருக்குள் விரலை விட்டுச் சீட்டை எடுத்தான். மை கரைந்து தண்ணீர் லேசாக நீலமாகியிருந்தது. தாளில் எழுத்து இல்லை. நடுவிலிருந்த மடிப்புக் கோடு மட்டும் இருந்தது. அதை நீவி மேசை ஓரத்தில், வெயில் படும் இடத்தில் காயப் போட்டான்.

“இந்தக் கரையில ஒரு கதவு இருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் புதையல்,” என்றான் சாதிக். “காவலுக்கு ஒரு பூதம்தான். மறுபடியைப் புதுசா எழுதிக்கிறியா? ஒரு மணி பாக்கி இருக்கே.”

“எழுதச் சொல்லு, எழுதச் சொல்லு!” என்றது எறி.

வில்சன் பேனாவின் மூடியைத் திறந்தான். ஈயத்தில் வார்த்த மந்திரவாதியைப் பார்த்தான். பொம்மைக்கு உட்கார வராது. அதனால் அதை மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தான். பேனாவை மூடினான். அழிப்பானை நகர்த்தி, அடியில் கிடந்த சீட்டை எடுத்து, காலியாயிருந்த நான்காவது இடத்தில் வைத்தான்.

எறி என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. போதும் ஒன்றும் செய்யவில்லை. அடிவரிசையில் சும்மா இருந்தது.

மாலையில், புதையலுக்குப் போகாமலே மூவரும் எழுந்தபோது கிண்ணத்தில் மீதி, மணி ஒன்று.